மதலைமேரி அடித்த ஒரு வரி

செய்தி எனக்கு ஆர்டராகத்தான் வந்தது. அரியலூரில் சின்னதாக ஓர் அச்சகம் நடத்துகிறவனுக்குச் சாவுச் செய்தி வேறெப்படி வரும்? கல்யாணப் பத்திரிகைக்கு மஞ்சள் அட்டை வெட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. "அச்சாபீசுங்களா? அவசரமா ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வேணும்ங்க. போட்டோ வாட்ஸப்ல போட்டுருக்கேன், பாருங்க." பார்த்தேன். மதலைமேரி அக்கா. அவருடைய புத்தகத்தின் பின்னட்டைக்காக என் கடை வாசலில் நிறுத்தி நானே எடுத்த படம்.

பேசியவர் அக்காவின் தம்பி மகன் லூர்து. என்ன போடவேண்டும் என்று கேட்டேன். "பேரு, வயசு, நாளைக்குக் காலைல ஏலாக்குறிச்சியில அடக்கம். வேற என்னங்க இருக்கு போடறதுக்கு?" என்றார். அவர் மேல் குற்றமில்லை. பெயருக்குக் கீழே 'விசைப்படகுச் சிராங்கு, நூலாசிரியர்' என்று நானாகச் சேர்த்தேன். பஸ் ஸ்டாண்டு சுவரில் அதைப் படித்த ஒருவர் என்னிடமே வந்து, "சிராங்குன்னா எந்த ஊருங்க?" என்று கேட்டார். கடலில் படகை ஓட்டி, எங்கே தொழில் செய்வது, எப்போது திரும்புவது என்று முடிவெடுத்து, ஆட்களை உயிரோடு கரை சேர்க்கிறவருக்கு அந்தப் பெயர் என்று சொன்னேன். "அப்படியா, மீன்கார அம்மா இல்லையா அது?" என்றார். மீன்கார அம்மாவும்தான். கடைசி ஆறு வருடம் மார்க்கெட் ஓரத்தில் ஐஸ் பெட்டி வைத்து மீன் விற்றவரை இந்த ஊர் வேறெப்படி அறியும்.

அவரை அறிந்த உங்களுக்கு இதை எழுதுகிறேன். முக்கியமாக, அவரோடு கடலுக்குப் போன ஐந்து பேருக்கு. புகழ்மாலை என்று நினைத்துப் படித்தால் ஏமாந்து போவீர்கள்.

ஏலாக்குறிச்சிக்குப் பக்கத்தில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பத்தில் பிறந்தவர் அவர். மாதா கோயிலுக்கு பஸ்ஸில் வந்த ஒரு கடற்கரைக் குடும்பம் அவரைப் பிடித்துப்போய், பெண் கேட்டுக் கட்டிக்கொண்டு போனது. நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு மீன்பிடி ஊர். படகில் பெண் கால் வைக்கக்கூடாது என்பது அங்கே சட்டத்தைவிடப் பெரியது. வலைக் கயிறு இழுக்கும் வின்சில் சிக்கிக் கணவருக்கு வலது கை போனபோது, படகை விற்கச் சொன்னார்கள். அக்கா கணவரை முன்னால் உட்காரவைத்து, சுக்கானைத் தான் பிடித்தார். முதல் நாள் கரையில் நின்ற பெண்களே மண்ணை வாரித் தூற்றினார்களாம். "தூத்துன மண்ணுதான் கண்ணுல விழுந்துச்சு. அதனால கரைய திரும்பிப் பாக்கல, நேராப் போயிட்டேன்" என்பார். கணவர் இறந்த பிறகும் அவர் சிராங்காகவே இருந்தார். பதினேழு வருடம். ஒருவரையும் கடலில் விட்டுவிட்டு வந்ததில்லை.

தம்பி வீட்டுக்கு விருந்தாளியாக வந்தவர் ஒருநாள் என் அச்சகத்துக்குள் நுழைந்தார். கையில் நான்கு பள்ளிக்கூட நோட்டு. "புத்தகமாப் போட முடியுமா தம்பி? படிச்சுப் பாத்துட்டு, ஒண்ணும் இல்லேன்னா இல்லேன்னு சொல்லிடுங்க." அன்று சாயங்காலமே படித்து முடித்தேன். ஒண்ணும் இல்லேன்னு எப்படிச் சொல்வது? கல்யாணப் பத்திரிகையும் பூப்பு நீராட்டு அழைப்பும் அடித்துக் கை மரத்துப் போனவனுக்கு அந்த நான்கு நோட்டும் கிடைத்தது பெரிய அதிர்ஷ்டம். அவருக்கு அது துரதிர்ஷ்டம். புத்தகத்துக்குப் 'பன்னிரண்டு பாகம்' என்று அவர்தான் பெயர் வைத்தார். பாகம் என்பது இரண்டு கையையும் விரித்து அளக்கும் ஆழம்.

புரூப் பார்க்க பஸ் பிடித்து வருவார். நின்றுகொண்டேதான் படிப்பார், உட்கார்ந்தால் தப்பு தெரியாது என்பார். சிவப்புப் பேனாவால் அடிக்கிற வேகம் எனக்குப் பதைப்பாக இருக்கும். "ஏன்க்கா இவ்வளவு அடிக்கிறீங்க?" என்றால், "எழுதறப்ப கை எழுதிடுது. அடிக்கறப்பதான் புத்தி வருது" என்று சிரிப்பார். ஒருமுறை மட்டும் சிரிக்காமல் சொன்னார்: "கடல்ல தெரிஞ்சத எல்லாம் சொல்லிடக்கூடாது தம்பி. சொல்லாம வச்சிருக்கறதுதான் சோறு."

அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றேன். நல்ல வாசகம் என்று டைரியில் குறித்துக்கொண்டேன். மடையன்.

அவர் அடித்தவற்றில் ஒரு வரி இருந்தது. மாமனார் காலத்திலிருந்து அந்தப் படகுக்காரர்கள் தூண்டில் போட்டு வந்த ஒரு பாரைப் பற்றியது. கடலுக்கடியில் கிடக்கும் பாறைத்திட்டைப் பார் என்பார்கள். மீன் தங்கிக் குஞ்சு பொரிக்கும் இடம். அதற்கு மேலே பெயர்ப்பலகையா இருக்கிறது? கரையில் தெரியும் இரண்டு அடையாளங்களை ஒன்றன் பின் ஒன்றாக நேர்கோட்டில் கொண்டுவர வேண்டும்; இன்னொரு பக்கம் வேறு இரண்டு. இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் பார். அந்த நான்கு அடையாளத்தையும் ஒரே வரியில் எழுதியிருந்தார். புத்தகத்திலேயே அழகான வரி அதுதான். அதைச் சிவப்புப் பேனாவால் மூன்று முறை அடித்து, ஓரத்தில் 'இது வேண்டாம்' என்றும் எழுதியிருந்தார்.

நான் அதைத் திரும்பச் சேர்த்தேன்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வாயில்லை. அடித்திருந்ததைப் பார்த்தேன். கூச்சத்தில் அடித்துவிட்டார், அருமை தெரியவில்லை என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். வயலும் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் பார்த்து வளர்ந்தவன் நான். எனக்கு அது வர்ணனை. அது ஒரு வீட்டின் சாவி என்று எனக்குப் பிடிபடவில்லை. கடைசிப் பிழைதிருத்தம் முடிந்து, அவர் ஊருக்குப் போன பிறகு, அச்சுக்குப் போகிற பக்கத்தில் செருகிவிட்டேன்.

பெரம்பலூரில் ஒரு மண்டபத்தில் வெளியீட்டு விழா வைத்தோம். அக்கா புத்தகத்தை வாங்கி, முகர்ந்து பார்த்து, நேராக அந்தப் பக்கத்தைத்தான் திருப்பினார். மூடினார். "இது வெளிய போயிருச்சா தம்பி?" என்று கேட்டார். "நேத்தே போயிருச்சுக்கா, நாகப்பட்டினத்துக்கும் அனுப்பிட்டேன்" என்றேன், பெருமையாக. அவர் மேடையேறி, வந்தவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்கினார். சாப்பிடாமல் போய்விட்டார்.

அடுத்தது நீங்கள் அறிந்ததுதான். யாரோ படித்தார்கள், யாரோ அந்த இரண்டு கோட்டையும் பிடித்து ஜிபிஎஸ்ஸில் குறித்தார்கள், குறித்ததை ஊர் ஊராக போனில் அனுப்பினார்கள். கடலடியை வாரிப் போகும் இழுவலைப் படகுகள் வந்தன. ஒரு பருவம் முடிவதற்குள் பாரை உழுது போட்டுவிட்டார்கள். களவாவும் விளைமீனும் கிடந்த இடத்தில் தூண்டிலில் சேறு வந்தது என்று அக்காவே சொன்னார்.

ஊர்க்கூட்டம் கூட்டினார்கள். அக்காவோடு நானும் போனேன். தஞ்சாவூரில் பஸ் மாறும்போது, "நான்தான் போட்டேன்னு சொல்லிடறேன்க்கா" என்றேன். "உங்க இஷ்டம் தம்பி" என்றார். வலை பின்னும் கொட்டகையில் ஊரே உட்கார்ந்திருந்தது. தலைவர் அந்த வரியை உரக்கப் படித்தார். "இது நீ எழுதுனதா?" என்று மூன்று முறை கேட்டார். "என் பேர்ல வந்திருக்கு" என்றார் அக்கா. "உன் மாமனாரு உன்னை நம்பிக் காட்டுன எடம். அதை ஊருக்கு வித்துட்டியே?" அக்கா ஒரே ஒருமுறை என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் தரையில் கிடந்த நைலான் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடிப்பார்களோ என்ற பயம் இருந்தது. அதைவிட, அந்த வாரம்தான் ஒரு பத்திரிகையில் புத்தகத்தைப் பாராட்டி, பதிப்பாளர் என்று என் பெயரையும் போட்டிருந்தார்கள். அந்த அற்பத்தனமும் இருந்தது. எழுதவே கை கூசுகிறது. ஆனால் இருந்தது.

அந்தக் கரையிலிருந்து இனி அவர் படகெடுக்கக் கூடாது என்று தீர்த்தார்கள். வேறு ஊரில் எந்தக் கரை ஒரு பெண்ணுக்குச் சுக்கான் தரும்? படகு கைமாறியது. அக்கா தம்பி வீட்டுக்கு வந்துவிட்டார். கூட்டம் முடிந்து திரும்பி வரும் பஸ்ஸில் எனக்குக் கடலை வாங்கிக் கொடுத்தார். "உப்பு கம்மியா இருக்கு, இல்ல?" என்றார். அவ்வளவுதான். ஏன் சேர்த்தாய், ஏன் சொல்லவில்லை என்று அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஒருமுறை மட்டும் குத்தினார். சுரங்கத்துப் பக்கம் வண்டியில் போகும்போது, மழையில் அரித்த மண்ணில் கல்லாய்ப்போன சிப்பிகள் கிடந்தன. எங்கள் பக்கத்தில் அது சாதாரணம். வரப்பு வெட்டினாலே வரும். ஒன்றை எடுத்துக் கொடுத்து, "இங்கயும் ஒரு காலத்துல கடல் இருந்துச்சுக்கா" என்றேன், ஆறுதலாக இருக்கும் என்று. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப இதையும் யாரோ காட்டிக் குடுத்திருக்காங்க" என்றார். கல்லைக் கீழே போட்டுவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார்.

ஆனாலும் ஒவ்வொரு வருடமும் மீன்பிடித் தடைக்காலம் முடியும் நாளில் ஐஸ் பெட்டியைத் திறக்கமாட்டார். வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு, போனைக் கையில் வைத்தபடி மார்க்கெட்டில் உட்கார்ந்திருப்பார். யாராவது கூப்பிட்டு, வந்து படகெடு என்று சொல்லிவிடுவார்கள் என்ற எண்ணம். கேட்டால், "சும்மா உக்காந்திருக்கேன்" என்பார். இந்த ஆறு வருடத்தில் ஒரு போனும் வரவில்லை. இரண்டாவது புத்தகம் எழுதச் சொன்னபோது, "எழுதி?" என்று மட்டும் கேட்டார்.

அடக்கத்துக்குக் கடற்கரையிலிருந்து ஒரே ஒருவர் வந்திருந்தார். அவர் படகில் இன்ஜின் பார்த்த இன்னாசி. முதல் பஸ்ஸில் ஏறி வந்தவர், கல்லறைத் தோட்டத்துக்கு உள்ளே வராமல் வாசலில் நின்றார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். என்னை அவருக்கு நினைவில்லை. தானாகவே பேசினார்.

"அன்னைக்குக் கூட்டத்துல, நான் இல்லேங்க, வேற ஆளு செஞ்சதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விட்டிருப்போம்ங்க. தலைவரு அதுக்குத்தான் மூணு தடவை கேட்டாரு. அபராதத்தோட முடிச்சிருப்போம். மறுநாளே கடலுக்குப் போயிருக்கலாம். வாயத் தொறக்கலியே அந்த அம்மா."

அந்த அம்மா அல்ல, இன்னாசி. வாயைத் திறக்காதவன் உங்கள் பக்கத்தில் நின்றவன். அப்போதும் நான் திறக்கவில்லை. உங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து, பஸ் ஏற்றி அனுப்பினேன்.

ஆகவே இப்போது எழுதுகிறேன். அவர் காட்டிக் கொடுக்கவில்லை. அடித்தார், நான் சேர்த்தேன். கேட்டார்கள்; நான் சொல்லவில்லை. இதனால் பார் திரும்ப முளைக்காது, அவர் படகு திரும்பாது. மன்னிப்பு கேட்கவும் ஆளில்லை. அந்த நைலான் துண்டு கிடந்த தரை மட்டும் அடிக்கடி வந்து போகிறது.

அவருடையது என்று என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தப் புரூப் தாள் ஒன்றுதான். அரியலூர் வெயிலில் தாள் பழுத்துவிட்டது. சிவப்புக் கோடு மட்டும் மங்கவில்லை. உங்களில் சிலர் கேட்கக்கூடும், இவ்வளவு எழுதினாயே, அந்த வரி என்னவென்று எழுதவில்லையே என்று. எழுதமாட்டேன். அங்கே இனி ஒன்றுமில்லை என்றாலும் எழுதமாட்டேன். அவர் அடித்த வரி அது.