தேனீக்களுக்கு இரண்டு தரம் சொன்னது

வெள்ளைக்காரருக்கு மூடநம்பிக்கை கிடையாது என்று ஊரில் எனக்குப் படிப்பித்தவர்கள் எவரும், ஸ்காபரோவில் நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரியைச் சந்தித்ததில்லை. இங்கிலாந்தின் ஏதோ ஒரு மூலைக் கிராமத்தில் பிறந்து, கலியாணம் முடித்து ரொறன்ரோவுக்கு வந்தவர். மேலே அவர், கீழே பேஸ்மென்றில் நானும் மனைவியும். அன்ரி என்றுதான் கூப்பிடுவோம்.

ஊர்க்கதை என்றால் எனக்குச் சோறு வேண்டாம். கேட்க ஆள் கிடைத்தால் அவருக்குத் தேத்தண்ணி வேண்டாம். என் ஓட்டை ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு பின்வளவில் இருந்து பண்டமாற்றுச் செய்வோம். காகம் கரைந்தால் விருந்தாளி வரும் என்பேன். தங்கள் பக்கத்தில் ஒரு கறுப்புவெள்ளைப் பறவை தனியே நின்றால் துக்கம் வரும், தொப்பியைக் கழற்றி அதற்குக் காலை வணக்கம் சொன்னால்தான் தப்பலாம் என்பார். சந்தியில் கறுப்பு நாய் நின்றால் சாவு என்பார். அப்படிப் பார்த்தால் எங்கள் ஊர்ச் சந்தி நாய்களின் தொகைக்கு ஒருவருமே மிஞ்சியிருக்கக் கூடாதே என்றேன். அப்போது இரண்டுபேரும் சிரித்தோம்.

வளவின் தொங்கலில், கடைசி மூலையில் மரங்களை ஒட்டி, ஒரு தேன்பெட்டி வைத்திருந்தார். அதற்கும் ஒரு முறை இருந்தது. வீட்டில் சாவு விழுந்தால் தேனீக்களுக்குச் சொல்ல வேண்டும். வீட்டுக் கதவைப் பூட்டும் திறப்பால் பெட்டியில் மூன்று தரம் மெல்லத் தட்டி, செத்தது யார் என்று வாய்விட்டுச் சொல்லி, ஒரு கறுப்புத் துணியும் கட்டவேண்டும். சொல்லாமல் விட்டால் அவை கோபித்துக்கொண்டு பறந்துவிடுமாம். புருஷன் இறந்தபோது, மகனுக்கு ரெலிபோன் எடுக்க முதல் தேனீக்களுக்குத்தான் சொன்னாராம்.

இதைக் கேட்ட என் மனைவி, "செத்தவீடு சொல்லாட்டி எங்கட ஆக்கள் கோவிக்கிற மாதிரித்தான். உதுகளும் யாழ்ப்பாணத்துப் பூச்சியள் போல" என்றாள்.

பிறகு அந்த வைகாசி வந்தது. மனைவியின் அண்ணன் வன்னியில், சண்டைக்குள் அகப்பட்டு நின்றான். எனக்கு மச்சான் ஆகமுதலே ஒரே வாங்கில் இருந்து படித்தவன். எங்கள் கலியாணத்தைப் பேசி ஒப்பேற்றியவனும் அவன்தான். மாசியோடு அவனுடைய சத்தம் நின்றுபோயிருந்தது. சண்டை முடிந்தது என்று ரீவியில் வெடி கொளுத்தினார்கள். நாங்கள் ரெலிபோனைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

ஒரு திங்கட்கிழமை, பிறம்ரனில் வேலைத்தலத்தில் சாப்பாட்டு நேரம், என் ரெலிபோன் அடித்தது. எப்படியோ முகாமுக்கு வந்து சேர்ந்த ஊர்ப்பொடியன் ஒருவன். "அண்ணை, கேள்விப்பட்டதில்லை. என்ர கண்ணால கண்டனான். நாங்கள்தான் கிடங்கு வெட்டித் தாட்டனாங்கள்."

வாய் இருந்தால் வங்காளம் போகலாம் என்பார்கள். பிறம்ரனிலிருந்து ஸ்காபரோ வரைக்கும் வந்த என் வாய், பேஸ்மென்ற் படியில் நின்றுவிட்டது. மனைவிக்கு அண்ணன் என்றால் உயிர். எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம். ஆனால் சாவு கேட்டபிறகு மீனும் இறைச்சியும் எப்படித் தின்பது? அந்த மாரியில்தான் எனக்கு நெஞ்சைப் பிளந்து பைபாஸ் செய்திருந்தார்கள். அது கைகொடுத்தது.

"டொக்ரர் கொஞ்சநாளைக்கு மரக்கறி சாப்பிடட்டாம்" என்றேன்.

"நல்லதாப் போச்சு. கோயில்ல திருவிழா. நானும் மரக்கறிதான் காய்ச்சுறதெண்டு இருந்தனான்."

என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். எந்தக் கோயில் என்று கேட்கவில்லை. நாளைக்கு நாளைக்கு என்று ஐந்து நாள், அவள் கத்தரிக்காய் காய்ச்ச, நான் ருசி என்று சொல்ல, இருவரும் நன்றாகவே நடித்தோம்.

சனிக்கிழமை அவள் கடைக்குப் போனாள். யாருக்காவது சொல்லாவிட்டால் தையல் போட்ட நெஞ்சு திரும்பப் பிளந்துவிடும் போல இருந்தது. திறப்பை எடுத்துக்கொண்டு வளவின் தொங்கலுக்குப் போனேன். மூன்று தரம் தட்டினேன். "மச்சான் செத்துப்போட்டான்" என்றேன். உள்ளே இரைச்சல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

குனிந்து நிமிர்ந்தபோதுதான் கண்டேன். பெட்டியின் பின்பக்கத்தில் ஏற்கனவே ஒரு கறுப்புத் துண்டு கட்டியிருந்தது. அது என் பழைய காற்சட்டைத் துணி.

"ஆருக்காகச் சொன்னனீர்?" பின்கதவடியில் அன்ரி. அவருடைய ஆங்கிலம் என் காதில் எங்கள் பேச்சாகத்தான் விழும்.

"மனிசியின்ர அண்ணைக்காக."

அன்ரி படியில் இருந்துவிட்டார். "அவரைத்தானே அவ செவ்வாய்க்கிழமையே சொல்லிப்போட்டா. உமக்கு நெஞ்சு சரியில்லை, மூச்சும் விடக்கூடாதெண்டு என்னட்டைச் சத்தியமும் வாங்கினவ."

அந்த நேரம் பார்த்து மனைவி கடைப் பைகளோடு வந்தாள். என்னைப் பார்த்தாள், கையிலிருந்த திறப்பைப் பார்த்தாள். பைகளைப் புல்லில் வைத்தாள்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"திங்கட்கிழமை. வேலையில வைச்சு."

"எனக்கும் அண்டைக்குத்தான். நீங்கள் வேலைக்கு வெளிக்கிட்டவுடன ரெலிபோன் வந்தது."

"அப்ப கோயில் திருவிழா?"

"உங்கட டொக்ரர்?"

அதற்குப் பிறகு அழுததை எழுதத் தேவையில்லை. ஐந்து நாள் சேர்த்து வைத்திருந்தது.

அன்ரி மரியாதையாகக் காத்திருந்தார். நாங்கள் மூக்கைத் துடைத்த பிறகு, தயங்கித் தயங்கிச் சொன்னார்: "குறை நினைக்கக் கூடாது. ரெண்டு தரம் சொன்னால் ரெண்டு சாவெண்டுதான் அதுகள் எடுக்கும். இல்லாத துக்கத்தை அதுகளின்ர தலையில சுமத்தக் கூடாது."

"பாத்தீங்களே, நீங்கள் செய்த வேலையை" என்றாள் மனைவி. "போய்த் திருத்துங்கோ."

"முதல் சொன்னது நீர்தானே?"

"சரி, ரெண்டுபேரும் போவம். வாங்கோ."

அந்த மாதம் செத்தது எத்தனைபேர் என்று உலகம் முழுவதும் தகராறு. ஒருவர் ஒரு தொகை சொன்னார், மற்றவர் அதை மறுத்தார், பெரிய இடங்களில் இருந்தவர்கள் விசாரிக்கிறோம் என்றார்கள். தொகையில் ஒன்று கூடிவிடக் கூடாதே என்று மெய்யாகவே கவலைப்பட்டவர், நான் அறிய, இந்தக் கிழவி ஒருவர்தான்.

மனைவி என் கையிலிருந்த திறப்பை வாங்கி, மூன்று தரம் தட்டினாள்.

"ரெண்டு பேர் இல்லை" என்று தேனீக்களுக்குச் சொன்னாள். "ஒராள்தான். என்ர அண்ணை."

"ஓம்" என்றேன் நான், சாட்சிக்கு.