திறக்காத பானட்

அப்பா ஓட்டிய அம்பாசடரின் வலது முன்கதவில், கண்ணாடி இறங்கும் விளிம்பில், ஒரு சாண் நீளத்துக்குப் பெயின்ட் மங்கியிருக்கும். அவர் முழங்கை வைக்கும் இடம் அது. அந்த வண்டியை நான் சிறிதாகச் செய்தபோது, மற்ற எல்லாவற்றையும்விட அந்த மங்கலைக் கொண்டுவரத்தான் சிரமப்பட்டேன்.

மட்டாஞ்சேரியில் ஒரு யூதக் குடும்பத்துக்கு அப்பா டிரைவர். எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே அங்கே சேர்ந்துவிட்டார். அந்த வீட்டில் கழித்துப்போட்ட ஆங்கிலப் பத்திரிகைகளை எனக்கென்று வாங்கி வருவார். அவருக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும், அம்மாவுக்கு அதுவும் இல்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்தக் கர்வம் எனக்கு உண்டு, அதை மறைத்ததும் இல்லை.

அப்படி வந்த ஒரு பத்திரிகையில்தான் மாடல் கார்களைப் பார்த்தேன். மணலில் பாதி புதைந்து நின்ற பழைய கார் ஒன்று. நிஜ வண்டி என்றே நினைத்தேன். பக்கத்தில் ஒரு தீப்பெட்டி கிடந்ததால்தான் அளவு பிடிபட்டது. எப்படிச் செய்வது என்று எழுதியிருந்ததை அகராதியும் கையுமாக உட்கார்ந்து படித்தேன்.

அதில் சொன்ன சாமான் எதுவும் எர்ணாகுளத்தில்கூடக் கிடைக்காது. ஆனால் மட்டாஞ்சேரியில் தேயிலைப் பெட்டிகள் உண்டு. மெல்லிய பலகை, உள்ளே வெள்ளிப் பளபளப்பில் ஒரு தாள். பலகையில் உடம்பு, தாளில் பம்பர். பழைய எக்ஸ்ரே படத்தைச் சோடாக்காரம் போட்ட வெந்நீரில் கழுவினால் கறுப்பு கரைந்து கண்ணாடிபோல ஆகிவிடும். சிவப்பு வளையல் துண்டு பின்விளக்கு, ரப்பர் செருப்பு டயர். பலகையின் ரேகை மறையப் பட்டி பூசி, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஒர்க்‌ஷாப்பில் மிஞ்சிய பெயின்டை மெலிதாக அடிப்பேன்.

“ஊர்ல பொண்ணுங்க காலேஜ் போயி டீச்சராவுது. இவ செருப்ப அறுத்துட்டு இருக்கா” என்பாள் அம்மா.

எதிர்வீட்டு ஆட்டோக்காரச் சேட்டன் வாசலில் நின்று என் கையிலிருக்கும் குட்டி வண்டியை எட்டிப் பார்ப்பார். “மோளே, போட் ஜெட்டி வரை ஒரு சவாரி வருமா?”

“டிரைவர் சாயா குடிக்கப் போயிருக்காரு சேட்டா, வந்ததும் அனுப்புறேன்.”

நிஜம்போல இருக்க வேண்டுமானால் புது வண்டி செய்யக் கூடாது என்பதை நானாகவே கண்டுகொண்டேன். பளபளப்பு பொம்மைக்கு. தெருவில் ஓடும் வண்டிக்கு மழைச்சேறு வேண்டும், கைப்பிடிக்குக் கீழே விரல்பட்ட அழுக்கு வேண்டும், துரு வேண்டும். செங்கல் பொடியைச் சல்லடைத் துணியில் சலித்துச் சக்கரத்துக்கு மேலே தூவுவேன்.

நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது அந்தக் குடும்பம் இஸ்ரேலுக்குப் போவதாக முடிவானது. அவர்கள் தெருவில் ஒவ்வொரு வீடாகப் பூட்டிக்கொண்டு வந்த காலம் அது. அப்பா வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமல் நின்றார்.

“வண்டிய வித்துருவாங்களாம். கப்பல்ல ஏத்த முடியாதாம்.” செருப்பைக் கழற்றிக்கொண்டே, “நீ அந்த வண்டிய ஒண்ணு செய்யேன். முதலாளி கையில குடுத்து அனுப்புவோம். நம்ம பக்கத்துலேர்ந்து ஒரு சாமானாவது போவட்டும்” என்றார்.

அவர் என்னிடம் கேட்டு வாங்கிய ஒரே பொருள் அதுதான்.

தையல்காரர் நாடாவின் ஒரு முனையை அப்பா பிடித்துக்கொள்ள, மறுமுனையை நான் இழுத்து வண்டி முழுவதையும் அளந்தோம். எல்லா அளவையும் இருபத்துநாலால் வகுத்தேன். இடது பின்பக்கம் மிளகு மூட்டை வண்டி இடித்த பள்ளம், ஆணி போட்டு நிறுத்தியிருந்த கண்ணாடி, முழங்கை மங்கல், எதையும் விடவில்லை. பானட் திறந்து மூடும்படி, ஊசியை வளைத்துக் கீல் வைத்தேன். உள்ளே இன்ஜினும் செய்தேன். அந்த இன்ஜினின் மேல் சந்தனப் பொட்டும் அதன் நடுவில் குங்குமமும் வைத்தேன், குண்டூசி முனையால்.

அது நான் கற்பனையாகச் சேர்த்தது இல்லை. வேலைக்குச் சேர்ந்த அன்றே முதலாளி, “வண்டியில் படம், மாலை, பொட்டு எதுவும் வேண்டாம். எங்கள் வீட்டில் அது வழக்கமில்லை” என்று சொல்லியிருந்தார். அப்பா தலையாட்டினார். ஆனால் ஆயுத பூஜை அன்று பூசாத வண்டியை எப்படி ஓட்டுவது? ஒவ்வொரு வருஷமும் ஷெட்டின் கதவைச் சாத்திவிட்டுப் பானட்டைத் தூக்கி, யார் கண்ணிலும் படாமல் இன்ஜினில் பொட்டு வைப்பார். தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பது நான்.

செய்து முடித்ததை அப்பாவிடம் காட்டினேன். முழங்கை மங்கலைப் பார்த்துத் தன் முழங்கையைத் தடவிக்கொண்டார். சிரித்தார். பிறகு பானட்டைத் திறந்து காட்டினேன். சிரிப்பு நின்றுவிட்டது.

“இத அழிச்சிரு.”

“அழிக்க மாட்டேம்ப்பா. அந்த வண்டியில இருக்குல்ல? இல்லாட்டி அது வேற வண்டி.”

“அவங்களுக்குத் தெரியாதுட்டி. இத்தன வருஷம் சரின்னு சொல்லிட்டு ஒளிச்சு வச்சிருக்கேன். போற நேரத்துல இதப் பார்த்தா? என்னப் பத்தி அவுங்க கடைசியா நினைக்குறது இதுவா இருக்கணுமா?”

நான் விட்டுக்கொடுக்கவில்லை. உண்மையாகச் செய்வதுதானே இந்த வேலை என்று, அவருக்குப் புரியாத ஆங்கிலச் சொல் ஒன்றையும் சேர்த்துச் சொன்னேன். அவர் பானட்டை மூடி வண்டியை அலமாரியில் வைத்தார்.

மறுநாள் கல்லூரி முடிந்து போட்டிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்தேன். வண்டி அலமாரியில் இருந்தது. பானட்டின் விளிம்பைச் சுற்றிப் பசை வழிந்து இறுகியிருந்தது. நகத்தால் நெம்பினேன். அசையவில்லை. ஒரு மூலையில் பெயின்ட் உரிந்திருந்தது. அப்பாவின் விரல்களில் இரண்டு நாள் அந்தப் பசை வாசம் போகவில்லை. அந்த இரண்டு நாளும் நான் அவரோடு பேசவில்லை.

அவர்கள் புறப்படும் நாளில் நாங்கள் போனோம். கூடம் முழுக்கப் பெட்டிகள். முதலாளி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வண்டியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

“இது நீ செய்ததாணோ, மோளே?” என்றார். என் கண்ணைப் பார்த்துக் கேட்டார். கதவு விளிம்பில் விரலை ஓட்டினார். “நோக்கு, இவன் கை வைக்குன்ன ஸ்தலம்!” என்று அப்பாவைக் காட்டி உரக்கச் சிரித்தார். அவர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொள்ள முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிறகு அவர் நகம் பானட்டைத் தூக்க அதன் கோட்டில் போய் நின்றது. “இது துறக்குமோ?”

அதற்குள் அப்பா முந்திக்கொண்டார். “இல்ல முதலாளி. அது வெறுதே ஒரு கோடு.”

நான் வைத்த கீலை, நான் செய்த இன்ஜினை, வெறும் கோடு என்றார். பதில் என் நாக்கு நுனியில் நின்றது. அப்பாவின் கையைப் பார்த்தேன். வேட்டி மடிப்பை இறுக்கிப் பிடித்திருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

முதலாளியின் மனைவி அதை ஒரு கம்பளிச் சட்டைக்குள் சுற்றினாள். கொச்சியில் யாரும் போடாத தடித்த சட்டை. பெட்டி மூடியது. அன்று கடைசியாக அவர்களை அந்த வண்டியில் ஏற்றிக்கொண்டு போனதும் அப்பாதான்.

நாலைந்து மாதத்தில் அப்பாவுக்கு ஒரு மிளகு வியாபாரியிடம் வேலை கிடைத்தது. அவர் வண்டியில் இல்லாத சாமி இல்லை. ஆயுத பூஜை அன்று பெரிய மாலையைக் கொடுத்து, “முன்னால போடு, எல்லாரும் பார்க்கட்டும்” என்றார். அப்பா போட்டார். பம்பருக்கு நடுவில் பட்டையாகச் சந்தனமும் பூசினார். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

நான் தட்டோடு நின்றேன். அப்பா திரும்பி வந்து, தட்டிலிருந்து இன்னும் கொஞ்சம் சந்தனம் எடுத்துக்கொண்டு பானட்டைத் தூக்கினார். பழக்கத்தில் ஷெட்டின் கதவுப் பக்கம் ஒரு முறை பார்த்தார். கதவு விரியத் திறந்திருந்தது. இங்கே யாருக்குப் பயந்து மூட வேண்டும்?

விரலில் சந்தனத்தோடு அந்தப் புது இன்ஜினைப் பார்த்தபடியே நின்றார். வைக்கவில்லை. பானட்டை மெதுவாக இறக்கி மூடிவிட்டு, விரலைத் தன் நெற்றியில் துடைத்துக்கொண்டார்.

“அந்த வண்டில இன்னும் இருக்கும்ல?” என்று கேட்டார்.

“பசை போட்டு ஒட்டினதுப்பா. எங்கயும் போவாது” என்றேன்.