சேரங்கோட்டு மழையும் அக்காவின் பெஞ்சுகளும்

எங்கள் அருமை அக்கா எங்களைப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. கண்ணீரோடு எழுத வேண்டிய நேரம்தான். ஆனால் அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே எனக்கு உற்சாகம் பொங்குகிறது, என்ன செய்ய? அவர் அப்படிப்பட்ட பிறவி!

அக்கா பிறந்தது இலங்கையில், ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருப்பான லயத்தில். தாயகம் திரும்பியபோது கைக்குழந்தையான என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு கப்பல் ஏறியவர். இங்கே கூடலூர்ப் பக்கம் சேரங்கோட்டுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தே எங்களை ஆளாக்கினார். ஓய்வு பெற்றதும் வீட்டோடு இருப்பார் என்று பார்த்தால், சாலையோரம் டீக்கடை போட்டார். கடை என்றால் அடுப்புக்கு ஒரு தகரக் கொட்டகை மட்டும். வருகிறவர்கள் உட்கார, பழைய பங்களாவில் கழித்துப் போட்ட இரண்டு தேக்குப் பெஞ்சுகள், வெட்டவெளியில்.

"இந்த மழைக்கு மரம் நிக்குமாக்கா? பிளாஸ்டிக் சேர் வாங்குவோம்" என்றேன்.

"அடிக்கிற காத்துல சேரு ஆளோட பறக்கும். சும்மா இருடா" என்றார். பெஞ்சு போனால் கடையும் போகும் என்பது அவருக்குத் தெரியும்.

முதல் தடவை ஏமாந்துதான் போனார். காலையில் சுள்ளென்று வெயில் அடித்தது. மரம் காய்ந்துவிட்டது என்று நம்பிப் பளபளவென்று வார்னிஷ் அடித்தார். உள்ளே பனி ஈரம் அப்படியே இருந்திருக்கிறது. ஆடி மழையில் வார்னிஷ் வெளுத்துச் செதில் செதிலாகக் கழன்றது. அடியில் மரம் கறுத்துப் பாசி பிடித்தது. கூடலூர் மலையாளி லாரிக்காரர் ஒருவர், "எந்தா சேச்சி, பெஞ்சுக்குத் தோல் உரியுது?" என்று கேட்க, கடையே சிரித்தது. அதில் அக்காவின் சிரிப்புதான் பெரிது.

மழை விட்டதும் ஆரம்பித்தார் பாருங்கள்! வார்னிஷ் முழுவதையும் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, பனிக்கால வெயிலில் வாரக்கணக்கில் காயப்போட்டார். பிறகு ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டு, மரம் குடிக்கக் குடிக்கத் தேய்த்தார். எண்ணெய் காய்வதற்குத்தான் தோதான இடமில்லை. தேயிலை ஃபேக்டரியில் இலை வாட்டும் மாடியில் எந்நேரமும் சூடான காற்று வீசுகிறதே! ஆட்களைப் பிடித்து, பெஞ்சுகளைத் தூக்கவைத்து, ஊர்வலமாகக் கிளம்பிவிட்டார். நானும் ஒரு முனையைப் பிடித்தேன்.

ஃபேக்டரி வாசலிலேயே, தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கர் ஓடி வந்து மறித்தார். "ஏனுங்கக்கா, உங்களுக்குத் தெரியாதுங்களா? இந்த எண்ணெ வாடை இலையில ஏறுனா மொத்தத் தூளும் வீணாப் போயிருமுங்க!"

வாழ்நாளெல்லாம் கொழுந்தோடு கிடந்தவர் இதை எப்படித்தான் மறந்தாரோ! நாக்கைக் கடித்துக்கொண்டு, "அய்யய்யோ, திருப்புங்கடா!" என்றார். அதே ஊர்வலம் திரும்பி வந்தது. பெஞ்சுகள் வீட்டுக்குள் குடியேறின. அவை காயும்வரை நாங்கள் வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அடுத்த ஆடி மழையில் பெஞ்சுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் பிறகு எங்களுக்கு ஒவ்வொரு பனிக்காலமும் எண்ணெய்த் திருவிழாதான்.

நோய் அக்காவைப் படுக்கையில் தள்ளிய பனிக்காலத்திலும் அவருக்கு ஒரே கவலை: இந்த வருஷம் யாரும் எண்ணெய் தேய்க்கவில்லை, மழைக்குப் பெஞ்சு போய்விடும். அக்காவின் கணவரான அத்தானும், நானும், டீ குடிக்க வருகிறவர்களும் சேர்ந்து தேய்த்துக் காயவைத்தோம். ஒரு பெஞ்சை அவர் கட்டிலருகே கொண்டுவந்து போட்டோம். படுத்தபடியே டம்ளர் தண்ணீரை அதன்மேல் சாய்த்தார். தண்ணீர் உள்ளே இறங்காமல் முத்து முத்தாக நின்றது. "நின்னுருச்சுடா!" என்று கத்தினார். எத்தனை சந்தோஷம் அந்த முகத்தில்! ஆடி பிறந்ததும் அமைதியாகக் கண்மூடினார்.

கடைசிவரை கவனித்துக்கொண்ட செவிலியர்களுக்கும், கூப்பிட்டபோதெல்லாம் ஆட்டோ எடுத்துவந்த தம்பிகளுக்கும், எங்களுக்குச் சமைத்துக் கொடுத்த லயத்துத் தாய்மார்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அக்காவை வழியனுப்ப அன்று கொட்டும் மழையில் வந்த நீங்கள் எல்லாரும், மரியாதை கருதி அந்தப் பெஞ்சுகளில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தீர்கள். அத்தான்தான் அழுகையோடு அதட்டினார்: "குந்துங்கப்பா! நீங்க குந்தத்தானே அவ இந்தப் பாடு பட்டா!"

உட்கார்ந்தீர்கள். அதற்கும் நன்றி.