இரண்டு குண்டுகளுக்கு இடையே

மணமான மறு ஆண்டு, என் மனைவி பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் தேர்வைத் தனித்தேர்வராக மீண்டும் எழுத முனைந்தாள். திருமணத்துக்கு முன்பு அந்த ஒரு பாடத்தில்தான் தவறியிருந்தாள். இம்முறையும் தவறினால் ஆசிரியர் பயிற்சி என்னும் ஆசையை விட்டுவிட்டுத் தறியோடு இருந்துவிடுவதாக அவளே சொல்லியிருந்தாள். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. சேவூரில் எங்கள் வீட்டுக் கூடத்தை, அவள் நெய்ததும் சேர்த்து, இரண்டு பட்டுத்தறிகள் நிறைத்திருந்த இனிய காலம்.

ஈர்ப்பு விசைக் கணக்கு ஒன்று அவளை அலைக்கழித்தது. பத்து சென்டிமீட்டர் ஆரமும் முப்பத்துமூன்று கிலோ நிறையும் உள்ள இரண்டு இரும்புக் குண்டுகள்; நடுவே இருபது சென்டிமீட்டர் இடைவெளி; ஒன்றையொன்று ஈர்க்கும் விசை யாது? நிறைகளைப் பெருக்கி, ஈர்ப்பு மாறிலியாலும் பெருக்கி, தொலைவின் இருமடியால் வகுத்தாள். நூலில் இருந்த விடையைப் போல் நான்கு மடங்கு வந்தது. தமிழ் மட்டுமே பயின்ற நானும் வகுத்துப் பார்த்தேன். அதே நான்கு மடங்கு. அச்சுப்பிழை என்று தீர்ப்பளித்தேன்.

ஆரத்தை எதற்குக் கொடுத்தார்கள் என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை. நெசவாளர் வீட்டில் இரண்டு தறிகளின் தொலைவு என்றால் நடுவே ஆள் நடக்கும் சந்துதான். விளிம்பிலிருந்து விளிம்புக்கு முழம் போடுவார்கள். தறியின் நடுவிலிருந்து எவரும் அளந்ததில்லை.

மாலையில் அம்மா தட்டில் எள்ளுருண்டை கொண்டுவந்தார்.

“இன்னாமா, ரெண்டு குண்டும் ஒட்டிகிச்சா இல்லியா? காலைலேர்ந்து இழுத்துகினே கீதுங்க.”

மருமகள் சிரிக்கவில்லை. ஒட்டியிருந்த இரண்டு உருண்டைகளையே பார்த்திருந்தவள் ஒன்றை எடுத்தாள்.

“ஏங்க, இதுங்களுக்கு நடுவுல எடமே இல்ல. நம்ம கணக்குப்படி சைபரால வகுக்கணும். அப்போ இழுப்புக்கு அளவே இல்ல, பிரிக்கவே முடியாது. நான் எடுத்துட்டனே?”

அவளே உருண்டைகளை மையத்திலிருந்து மையத்துக்கு அளந்தாள். குண்டுகளுக்கும் அப்படியே ஆரங்கள் இரண்டும் சேர, இருபது நாற்பதாயிற்று, விடை பொருந்தியது. புள்ளிக்குப் பின் சுழிகளாய் நின்ற, ஓர் எறும்பையும் அசைக்க வலுவற்ற விசை. “இத்தினிக்கா இம்மாம் பாடு?” என்று அம்மா அலுத்துக்கொண்டார்.

தேர்வில் குண்டுகள் வரவில்லை. புவியைச் சுற்றும் செயற்கைக்கோள் ஒன்றைத் தந்து, தரையிலிருந்து அதன் உயரத்தை மட்டும் சொல்லியிருந்தார்கள்.

“மொதல்ல பூமியோட ஆரத்தக் கூட்டிட்டேங்க” என்றாள், பேருந்திலிருந்து இறங்கியதும்.

தேறினாள். அவள் பயிற்சிப் பள்ளிக்குப் புறப்பட்ட காலையில், யாரும் கேளாமலே, அவளுடைய தறியில் அம்மா அமர்ந்தார்.