வாசக்காலுக்கு நிற்காத இயந்திரம்

நடந்ததற்கு நீங்களே சாட்சியாக இருங்கள். நெதர்லாந்தின் ஒரு தொழில் நகரத்தில், காலை ஏழு மணிக்கு, கம்பளிக் கோட்டைக் கூடக் கழற்றாமல், பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு வீட்டுக்குச் சுவர் எழுப்புகிறவன் நான். திரையில் அவ்வூரின் வெயில்; சன்னலில் உறைபனி. நான் கட்டளை அனுப்ப, அங்கே இரும்புச் சட்டத்தில் தொங்கும் குழாய்முனை நகர்ந்து, கான்கிரீட்டை வரிவரியாகப் பிழிந்து அடுக்குகிறது. பிறந்த மண்ணில் நாள்தோறும் வேலை செய்தும் அதன் புழுதி என் காலில் ஒட்டுவதில்லை. நான் இருப்பதோ, அட்டையைக் காட்டினால் மட்டும் திறக்கும் கண்ணாடி அறை. இந்த வேலை போனால் இந்நாட்டில் தங்கும் உரிமையும் போகும்.

பீளமேட்டில் படித்த காலத்தில் பட்டிமன்ற மேடைகளில் முழங்கியவன். “இயந்திரம் நாள் பார்க்காது, நேரம் பார்க்காது, மனிதனின் தலைச்சுமையை இறக்கும்!” என்று நான் முடித்தபோது எழுந்த கைத்தட்டல் பெரிது. அந்த வாதத்தின் பிற்பாதியை இன்றும் விட்டுத்தர மாட்டேன். என் மேடைப் பேச்சுகளைக் கேட்ட எங்கள் ஊர்ச் சரோஜா அக்கா, பதினைந்து ஆண்டுகள் சித்தாளாகக் கலவைச் சட்டி சுமந்து கழுத்தெலும்பு தேய்ந்தவர். இப்போது எங்கள் கட்டுமானத் தளத்தில் கலவைப் பம்பை இயக்குகிறார். முற்பாதிதான் என்னை மாட்டிவிட்டது.

நாங்கள் கட்டும் வீட்டின் சொந்தக்கார அம்மா, வாசக்கால் நிறுத்த நாள் குறித்து, நாட்காட்டித் தாளைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பியிருந்தார். புதன்கிழமை, பன்னிரண்டு மணிக்குள். பெருவிரல் உயர்த்திய படத்தைப் பதிலாக அனுப்பினேன். நம்மூரில் வாசக்கால் நின்ற பிறகே சுவர் உயரும் என்பது அந்த அலுவலகத்தில் எனக்கு மட்டுமே தெரியும். நிரலில் ஓர் இடைநிறுத்தம் எழுதுவது பத்து நிமிட வேலை. ஆனால் மேலாளர் பீட்டரிடம் காரணம் சொல்ல வெட்கப்பட்டேன். வாசலுக்கு இடைவெளி விட்டுச் சுவர் ஏறட்டும், சட்டத்தைப் பிறகு பொருத்தலாம் என்று விட்டுவிட்டேன்.

புதனன்று ஒலிபெருக்கியில் அந்த அம்மாவின் குரல் கேட்டது.

“ஏனுங்க தம்பி, மிஷினை நிறுத்துங்க. பன்னெண்டுக்கு ராகு காலம் வந்துபோடும்.”

“நடுவுல நிறுத்துனா கலவை இறுகிப்போயிருமுங்க.”

“ஏந்தம்பி, உங்க ஊட்டுக்கு ராகு காலத்துலதான் வாசக்கால் வெச்சீங்களா? சரின்னுதானே பதில் போட்டீங்க?”

அந்த அம்மா கண் கலங்குவதைக் கண்ட சரோஜா அக்கா, “அஞ்சே நிமிசந்தானுங்க தம்பி” என்று, ஆபத்து வந்தால் மட்டும் அழுத்த வேண்டிய சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டார். பூசை முடிய அரை மணி ஆயிற்று. குழாயில் கலவை கல்லாகிப்போனது. பழைய வரியோடு புது வரி ஒட்டாது என்பதால் சுவரை இடிக்க வேண்டியதாயிற்று.

“என்ன ஆபத்து நேர்ந்தது?” என்று பீட்டர் கேட்டார். ராகு காலம் என்றேன். “புயலா? முன்னறிவிப்பில் வரவில்லையே?” என்றார் உண்மையான அக்கறையோடு. விளக்கினேன். முகம் மாறியது. “நிறுத்தியது யார்?” “பம்ப் இயக்குநர்.” “அவரை வேலையிலிருந்து விலக்கிவிடுங்கள்.” எத்தனையோ நடுவர்களிடம் கூடுதல் நேரம் கேட்டு வாதாடிய நான், அந்த மேசையின் முன் வாயைத் திறக்கவில்லை.

வெளியே தெரு நடைபாதைக்கு வந்து அக்காவைப் போனில் அழைத்தேன். வேலை போனதைத் தளப் பொறியாளர் அவரிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

“நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சனுங்க தம்பி. மேடையேறுனா நிறுத்தமாட்டீங்களே! போகட்டும் உடுங்க. மறுக்கா சட்டி தூக்கறதுக்குத்தான் இந்தக் கழுத்து நிக்காது.”

கண்ணாடிக்கு அப்பால் பீட்டர் அறிக்கையைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். என் மூச்சு இந்த ஊர்க் குளிரில் புகைந்தது. காதிலோ எங்கள் ஊர்ப் பேருந்தின் ஹாரன். கடந்து சென்றவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு உரக்கச் சொன்னேன்:

“அக்கா, போனை வெக்காதீங்க. இப்பவே உள்ள மேனேஜர்கிட்டப் போயி, அந்தம்மா அனுப்புன தாளைக் காட்டி, தப்பு என்னோடதுன்னு சொல்லிப்போடறேன். அவருக்கு இங்கிலீசுல ஒருக்கா, உங்களுக்குக் கேக்கற மாதிரி தமிழ்ல ஒருக்கா. அவங்க என்னைய ஊருக்கே அனுப்புனாலும் சரி, சொல்லாம வெளிய வரமாட்டேனுங்க.”