கை நனைக்காத ஞாயிற்றுக்கிழமைகள்

பொற்கொடி அக்கா வைத்த கோழிக்குழம்பை அவள் மகளைவிட நான்தான் அதிகம் சாப்பிட்டிருக்கிறேன். அதிகம் என்ன அதிகம், அந்தப் பிள்ளை ஒரு சொட்டுகூட நாக்கில் வைத்ததில்லை. மாதத்தில் இரண்டாவது ஞாயிறு காலையில் வரும், சாயங்காலம் போகும். வரும்போதே தோளில் தண்ணீர் பாட்டில், பையில் டிபன் பாக்ஸ். மத்தியானம் அடுப்பில் குழம்பு மணக்க, அது சுவரோரம் உட்கார்ந்து வீட்டிலிருந்து கொண்டுவந்த புளிச்சோற்றைத் தின்னும். அக்கா அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். பிள்ளை போனதும் சட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு பக்கத்து அறைக்கு, அதாவது என் அறைக்கு, வருவாள். "இந்தா ஜெயா, நீயாச்சும் தின்னு" என்பாள். தின்பேன். வயிறு நிறையும், மனசு எரியும்.

கை நனைப்பது என்றால் எங்கள் பக்கம் ஒரு வீட்டில் சாப்பிடுவது. உறவு முறிந்துபோன வீட்டில் யாரும் கை நனைக்க மாட்டார்கள், பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். நனைத்துவிட்டால் அப்புறம் உறவு இல்லை என்று சொல்ல வாய் கிடையாது. பிள்ளை லாவண்யா தன்னைப் பெற்ற தாயின் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது அவள் அப்பா வீட்டுக் கட்டளை. நல்ல கட்டளை! பால் குடிக்கத் தாய் வேண்டும், சோறு தின்ன வேண்டாமாம்.

அக்காவுக்குச் சாத்தூர்ப் பக்கம். பன்னிரண்டாவது முடித்த கையோடு ஓசூருக்கு வந்தவள். சிப்காட்டில் வண்டிகளுக்கு ஒயர் கட்டும் கம்பெனி ஒன்றில் எனக்கு முன்பே சேர்ந்தவள். கம்பெனி வேன் ஓட்டிய ராஜ்குமாரைப் பிடித்துப்போய்க் கல்யாணம் செய்துகொண்டாள். அவனுக்கு உத்தனப்பள்ளியைத் தாண்டி ஊர், தக்காளியும் ராகியும் போடும் குடும்பம். பிள்ளை பிறந்து பள்ளிக்கூடம் போகும்வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் மாமியார் வேலையை விடச் சொன்னாள். அக்கா விடவில்லை. ராஜ்குமார் அம்மா பக்கம் சாய்ந்துவிட்டான். பேச்சு முற்றி, ஊர்ப் பஞ்சாயத்தில் கொண்டுபோய் வைத்தார்கள்.

"ஷிப்டுக்குப் போறவ பொட்டப்புள்ளைய எப்படிப் பாத்துக்குவா?" என்று கேட்டதாம் பஞ்சாயத்து. அதில் முதல் ஆளாக வாயைத் திறந்தவர் ராஜ்குமாரின் அண்ணன் மாதப்பன். வீட்டுக்கு மூத்தவர், முறை தவறக் கூடாது என்று நிற்கிற மனுஷன், அவர் சொல்லுக்கு அந்த வீட்டில் மறுசொல் கிடையாது. பிள்ளை அங்கே வளரும், மாதம் ஒருநாள் தாயைப் பார்க்கலாம் என்று தீர்ப்பு. கூட்டிவந்து விடுவதும் திரும்ப அழைத்துப்போவதும் அவரே. மூக்கண்டப்பள்ளியில் நாங்கள் இருந்த லைன் வீட்டு வாசலில் டிவிஎஸ் வண்டியை நிறுத்தி ஹாரன் அடிப்பார். வாசற்படி தாண்டி ஒருநாளும் உள்ளே வந்ததில்லை. எனக்கு அவரைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு மார்கழியில் சானமாவுக் காட்டில் யானைக் கூட்டம் இறங்கி ரோட்டை மறித்து நின்றுவிட்டது. அக்கா அன்று இராத்திரி ஷிப்ட் முடித்து, தூங்காமல் சமைத்து, வாசலிலேயே நின்றாள். "இன்னைக்கு வர மாட்டாக, ரோடு அடைச்சுருச்சாம்" என்று தெருவே சொல்லியது. உள்ளே வர மறுத்துவிட்டாள். பிற்பகலில் டிவிஎஸ் சத்தம் கேட்டது. எந்த வழியாகச் சுற்றி வந்தாரோ, மாதப்பனின் வேட்டியெல்லாம் புழுதி. பிள்ளையை இறக்கிவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார்.

லாவண்யா ஒன்பதாவது படிக்கையில்தான் அந்தப் புத்தகம் வந்தது. இங்கிலீஷ் புத்தகம், தலையணை கனம். கூடப்படிக்கிற பிள்ளையிடம் இரவல் வாங்கியது. அந்த ஞாயிறு வந்ததிலிருந்து போகும்வரை அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அக்கா தலை சீவிவிட்டாள், பூ வைத்துவிட்டாள், பிள்ளை பக்கத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தது. அவள் போன பிறகு அக்கா என்னிடம் வந்து பொரிந்து தள்ளினாள்.

"எனக்குக் கெடைக்கிறதே ஒரு பகலு. அதையும் அந்தச் சனியன் புடிச்ச புத்தகம் தின்னுருச்சுடி."

"அப்போ நீயும் அதையே படிக்கா" என்றேன். விளையாட்டுக்குத்தான் சொன்னேன்.

அவள் வினையாகவே எடுத்துக்கொண்டாள். அடுத்த வார ஓய்வு நாளில் அத்திபெலே தாண்டிப் பெங்களூருக்குப் போய், நடைபாதைக் கடைகளில் அலைந்து, அதே புத்தகத்தையும் அதன் அடுத்த பாகத்தையும் வாங்கி வந்துவிட்டாள். கூடவே தடியாக ஓர் அகராதி. மொத்தம் ஐந்து பாகமாம், மற்றவை மெல்ல வாங்கிக்கொள்ளலாம் என்றாள். அடுத்த முறை வந்த லாவண்யா இரண்டாம் பாகத்தைப் பார்த்ததும் கத்திய கத்தலில் வீட்டுக்கார நாராயணம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"எடுத்துட்டுப் போகட்டுமாம்மா?"

"அதெல்லாம் கெடையாது. புத்தகம் இங்கதான் இருக்கும். படிக்கணும்னா இங்க வா."

அடிக்கள்ளி என்று நினைத்துக்கொண்டேன். பிள்ளையை வரவழைக்க நல்ல தூண்டில்தான்.

அப்புறம் கேன்டீனில் எங்களுக்கு வேறு பேச்சே இல்லை. சாம்பார் சாதத்தை ஒரு கையால் பிசைந்துகொண்டே அக்கா கதை சொல்வாள். மெலினா என்று ஒரு பிள்ளை. ஏதோ துறைமுகத்து ஊர். அங்கே ஒரு பழைய வீடு, வீடு முழுக்கக் கதவுகள். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒரு சாமியின் வீடு. கடல் சாமி, இடிச் சாமி, போர்ச் சாமி. எல்லாம் கிரேக்க நாட்டுச் சாமிகள். மெலினா உள்ளே போய்ப் பொழுது சாய்வதற்குள் வெளியே வந்துவிட வேண்டும். கதவின் ஒரு பக்கத்தில் கிரேக்கப் பெயர் எழுதியிருக்கும், மறுபக்கத்தில் ரோமாபுரிப் பெயர். அக்கா முதலில் இரண்டும் வேறு வேறு சாமி என்று நினைத்து முதல் பாகம் முழுக்கக் குழம்பியிருக்கிறாள்.

"ரெண்டும் ஒரே ஆளுதானாம்டி. ஊருக்கொரு பேரு."

"இதுல என்னக்கா அதிசயம்? நம்ம ஸ்டோர்ஸ்காரரு வீட்ல வெங்கடப்பன், கம்பெனில வெங்கட், பெங்களூருல வெங்கடப்பா" என்றேன். அக்கா சிரித்துப் புரையேறிவிட்டாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

இரண்டாம் ஞாயிறுகள் மாறிவிட்டன. அம்மாவும் மகளும் தலையோடு தலை முட்டிக்கொண்டு ஒரே புத்தகத்தைப் படிப்பார்கள். பிள்ளை மடமடவென்று ஓடும், அக்கா அகராதியோடு பின்னால் ஊர்ந்து போவாள். "மெதுவா திருப்புடி, நான் இன்னும் அந்தக் கதவத் தெறக்கவே இல்ல" என்று சத்தம் கேட்கும். ஆனாலும் மத்தியானம் ஆனால் டிபன் பாக்ஸ் திறக்கும், புளிச்சோறு வாசம் வரும். அக்கா கோழிச்சட்டியோடு என்னிடம் வருவாள்.

"ஒரே ஒரு வாய் ஜெயா. என் கையால ஒரு வாய் அவ வாங்கிட்டாப் போதும். வேற ஒண்ணுமே வேணாம் எனக்கு." சாமியிடம் கேட்பதுபோல என்னிடம் கேட்பாள். என்னிடம் கேட்டு என்ன பயன்? வாயை மூடிக்கொண்டு எலும்பைக் கடிப்பேன்.

லாவண்யா பத்தாவது எழுதினாள். அந்த வீட்டில் அவளை நாமக்கல்லில் ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் போடுவதாக முடிவு செய்தார்கள். இரண்டு வருஷம். ஹாஸ்டலில் மாதாமாதம் விட மாட்டார்கள், லீவு விட்டால் நேரே அப்பா வீடு. பஞ்சாயத்துச் சொன்னது மாதம் ஒரு ஞாயிறு, லீவைப் பற்றி யாரும் பேசவில்லை. யாரிடம் போய்க் கேட்பது? அக்காவுக்கு மிச்சமிருந்தது மே மாதம் ஒரு வருகை, ஜூனில் பள்ளி திறக்குமுன் ஒரு வருகை. அவ்வளவுதான்.

மே மாதம் வந்தபோது மூன்றாம் பாகம் தயாராக இருந்தது. சாவு ராஜாவின் கதவு அதில்தான் வருகிறது. பிள்ளை பகல் முழுக்கப் படித்து, கிளம்பும் நேரத்தில் கதையை அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் வாசலில் நின்று கேட்டேன்.

"அந்த வீட்ல எது வேணா பாக்கலாம்மா, தொடலாம். ஆனா சாப்புடக் கூடாது. ஒரு வாய் சாப்ட்டாலும் அவ்ளோதான், அந்த வீட்டோட மாட்டிக்குவாங்க. அப்புறம் என்னாச்சுன்னா..."

ஹாரன் அடித்தது. மாதப்பனுக்கு ஒரு நிமிஷம் பொறுக்காதே. பிள்ளை கெஞ்சிக் கேட்டதால் அக்கா முதல்முறையாகப் புத்தகத்தைக் கொண்டுபோக விட்டாள். அதனால் மீதிக் கதை அவளுக்குத் தெரியாமலே போயிற்று.

அன்றிலிருந்து அக்கா சரியாக இல்லை. ஒயரை மாற்றி மாற்றிச் சொருகி சூபர்வைசரிடம் திட்டு வாங்கினாள். என்னவென்று கேட்டால் தலைவலி என்பாள். ஜூனில் அந்தக் கடைசி வருகைக்கான ஞாயிறு வந்தது. காலையில் அவள் அறையிலிருந்து வெங்காயம் வதங்கும் வாசமே வரவில்லை. போய்ப் பார்த்தேன். அடுப்பைத் துடைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"என்னக்கா, சமைக்கலையா?"

"சமைக்கலடி. அவ என்ன நெனச்சுட்டு இருந்திருக்கான்னு இப்பத்தான் எனக்குப் புரியுது. இங்க ஒரு வாய் தின்னாலும் மாட்டிக்குவோம்னு புள்ளைக்குப் பயம். நான் மாசாமாசம் கோழியடிச்சு வச்சுக்கிட்டு அவ வாயவே பாத்துட்டு இருந்திருக்கேன், எமன் மாதிரி. வேணாம். நிம்மதியாப் போகட்டும்."

"பைத்தியமாக்கா நீ? கதைய வச்சு யாராச்சும் இப்படி நெனப்பாங்களா?" என்று சத்தம் போட்டேன். அவள் கண்ணில் நீர் கட்டி நின்றது. அதற்குமேல் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

லாவண்யா வந்தாள். தோளில் பாட்டில் இல்லை. கையில் மூன்றாம் பாகம் மட்டும். நேரே அடுப்படிக்குப் போய் நின்றாள்.

"என்னம்மா, அடுப்பே பத்த வைக்கல?"

"உனக்குத்தான் டிபன் இருக்குமே."

"கொண்டு வரல. பசிக்குதும்மா."

அக்கா திகைத்து எழுந்தாள். "எங்க வீட்ல உப்புமா இருக்கு கண்ணு, கொண்டாரேன்" என்று நான் ஓடப் பார்த்தேன்.

"வேணாம் ஆன்ட்டி. எங்கம்மா வீட்டுச் சோறுதான் வேணும்."

மூலையிலிருந்த குண்டானைத் திறந்தாள். முந்தின நாள் சோறு, தண்ணீர் ஊற்றி வைத்தது. தட்டை எடுத்து அவளே போட்டுக்கொண்டாள். அக்கா பாய்ந்து அவள் கையைப் பிடித்தாள்.

"பழசுடி அது. யோசிச்சுக்க. நீதான சொன்ன, ஒரு வாய் சாப்ட்டாலும் மாட்டிக்குவாங்கன்னு?"

பிள்ளை அம்மாவையே பார்த்தாள். "ஐயோ அம்மா, மீதிக் கதைய நீ கேக்கவே இல்லையே!" என்று சொல்லி அப்படியே கீழே உட்கார்ந்தாள்.

சொன்னாள். பயிர்களைக் காக்கும் சாமிக்கு ஒரு மகளாம். சாவு ராஜா அவளைத் தூக்கிப்போய்விட்டான். தாய் அழுத அழுகையில் பூமியே காய்ந்தது. மகள் அங்கே மாதுளை முத்து ஆறு தின்றுவிட்டாள். சாமிகள் எல்லாம் கூடித் தீர்ப்புச் சொன்னார்கள்: ஆறு முத்துக்கு ஆறு மாதம். வருஷா வருஷம் அவள் தின்ற அந்த வீட்டுக்குத் திரும்பிப் போயே ஆக வேண்டும், யாரும் தடுக்க முடியாது.

"ராஜாவுக்கெல்லாம் ராஜாவே தடுக்க முடியாதும்மா. அதைப் படிச்சதும் உன்னத்தான் நெனச்சேன். அது ஆறே ஆறு முத்து. பழைய சோத்துல எத்தன பருக்கைன்னு யாரு எண்ணுவா? ஊட்டி வுடு."

அக்கா ஊறிய சோற்றில் உப்பைப் போட்டுப் பிசைந்து, மோர் விட்டு, முதல் வாயை ஊட்டினாள். பிள்ளை விழுங்கிவிட்டு மறுபடி வாயைத் திறந்தாள். அப்படியே குண்டான் காலியாயிற்று. நான் அங்கே நிற்க முடியாமல் என் அறைக்குப் போய் ஓவென்று அழுதேன்.

சாயங்காலம் ஹாரன் கேட்டதும் அக்கா பதறி எழுந்தாள். "சொல்லாதடி, சொல்லாத" என்று மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். எங்கே கேட்கிறது அது? வாசலுக்குப் போய் நிமிர்ந்து நின்றது.

"பெரியப்பா, நான் இங்க கை நனச்சுட்டேன்."

மாதப்பன் வண்டியை நிறுத்தினார். இறங்கி வந்தார். இன்று இவர் ஏதாவது பேசட்டும், நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவது என்று இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு தயாரானேன். அவர் வாசற்படியில் நின்று, கழுவிக் கவிழ்த்திருந்த தட்டைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார்.

"இன்னா சாப்ட்ட?"

"பழைய சோறு."

அவர் முகம் கோணியது. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அக்காவைப் பார்த்து நேராகப் பேசினார்.

"ஏம்மா, மொதமொதல்ல கை நனைக்கிற புள்ளைக்குப் பழைய சோறா போடுவாங்க? ஒரு கோழி அடிக்கக் கூடாதா?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அடித்த கோழிகளையெல்லாம் தின்று தீர்த்தவள் நான், தலையைக் குனிந்துகொண்டேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"சரி, நனச்சாச்சு. இனிமே இல்லன்னு யாரும் சொல்ல முடியாது. எங்கம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். லீவு வுட்டா மொதல்ல இங்க வருவா. அப்பவாவது முறையாச் செய்யி."

சொல்லிவிட்டு வண்டிக்குப் போனார். லாவண்யா மூன்றாம் பாகத்தை அம்மாவின் கையில் வைத்துவிட்டுப் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். வண்டி உறுமியது, இன்னும் நகரக்கூட இல்லை. அக்கா புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலைத் தாண்டி ஓடினாள்.

"மாமா, காலாண்டு லீவு எப்ப விடுவாக?"