வலி போன கால்

சிம்மக்கல் மொத்தக் கடைகளுக்கு வருகிற லாரிக்காரர்களில் சுருளியைத் தெரியாதவர்கள் குறைவு. வெங்காய மூட்டையை முதுகில் வாங்கிக்கொண்டு, போகிற போக்கில் கடைக்காரரை ஒரு நக்கலும் அடித்துவிட்டுப் போவான். அந்த முதுகுதான் அவன் காலை வாரியது. ஜவ்வு விலகி, இடுப்பிலிருந்து இடது கால் வரை சுண்டி இழுக்கிற வலி. கீழக்குயில்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டேதான் வருவான். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது.

சாயங்காலமானால் மனைவி தங்கப்பொண்ணு கெண்டைக்காலில் தைலம் தேய்ப்பாள். ஒரு இடத்தில் விரல் பட்டதும், "ஏய், அது கையா உலக்கையா?" என்று காலை வெடுக்கென்று இழுத்துக்கொள்வான். வருஷக்கணக்கில் இதே வசவு.

கடைசியில் பெரியாஸ்பத்திரியில் முதுகு ஆபரேஷன் முடிந்து அவனை வார்டுக்குக் கொண்டுவந்தபோது, "அவருக்கு வலிச்சா சொல்லுங்கம்மா" என்றாள் நர்ஸ். மதியம் தங்கப்பொண்ணு பயந்துகொண்டே அந்த இடத்தைத் தொட்டாள். அசைவில்லை. அழுத்திப் பார்த்தாள்.

"வலிக்கலயாங்க?"

"இல்லத்தா. காலு மதமதன்னு சொகமா இருக்கு. மயக்க மருந்தா இருக்கும்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மகள் மீனாவுக்கு போன் போட்டு, "அம்புட்டு வலியும் போயிருச்சுடி" என்றாள். மலைக்காவல் சாமிக்குப் பொங்கல் வைப்பதாக வேண்டிக்கொண்டாள்.

சாயங்காலம் பிளாஸ்கைச் சாய்த்தபோது மூடி கழன்று, கொதிக்கிற டீ அவன் பாதத்தில் கொட்டியது. தோல் சிவந்துபோனது. சுருளியோ பக்கத்துக் கட்டில்காரரிடம் லோடு இறக்கிய கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தான். தங்கப்பொண்ணு பிளாஸ்கை அப்படியே போட்டுவிட்டு நர்ஸைத் தேடி ஓடினாள்.

மறுபடியும் முதுகைத் திறந்தார்கள். உள்ளே கசிந்த ரத்தம் கட்டிப்போய், இரண்டு கால்களுக்கும் போகிற நரம்புகளை நெரித்திருந்தது.

"ரொம்ப அபூர்வமா இப்படி ஆயிடும்மா. மதியமே தெரிஞ்சிருந்தா ரெண்டு காலும் தப்பிச்சிருக்கலாம்" என்றார் டாக்டர்.

மதியமே அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. கை வைத்துப் பார்த்து, சந்தோஷப்பட்டு, சாமிக்கு நேர்ந்துகொண்டவள் அவள்தானே. வலித்தால் சொல் என்றார்கள். மரத்துப்போனாலும் சொல் என்று ஒருத்தராவது வாயைத் திறந்தார்களா? பாவி மனுஷர்கள். ஆனாலும் அவள் மனசு யாரையும் திட்டவில்லை, தன் கையைத்தான் திட்டியது.

வலது காலுக்கு உயிர் வந்தது. இடது கால் வரவில்லை. சுருளி இப்போது வாக்கரைப் பிடித்து வாசல் வரை வருவான், திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்வான். நக்கலெல்லாம் போன இடம் தெரியவில்லை. தங்கப்பொண்ணு மட்டும் சாயங்காலத் தைலத்தை விடவில்லை. அந்த இடத்துக்கு வந்ததும் அழுத்திவிட்டு, அவன் முகத்தையே பார்ப்பாள். அந்த ஒரு வசவுக்காக ஏங்கினாள்.

நேற்று சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவன், "ஏய், அது கையா உலக்கையா?" என்றான்.

அவளுக்கு நெஞ்சு துள்ளியது. குனிந்து பார்த்தாள். அவள் கை இன்னும் தைலப் பாட்டிலைத்தான் திறந்துகொண்டிருந்தது.

பாட்டிலைத் திறந்து கீழே வைத்தாள். பிறகு, "சரிங்க, மெதுவா தேய்க்கிறேன்" என்று காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.